மரப்பாச்சிக்கு ஒரு சேலை: கல்லறைத் தோட்டத்தில் கரை எடுத்து, வீட்டில் சாயம் போட்டு

கொலுவுக்காகப் பரணிலிருந்து மரப்பாச்சியை இறக்கும் வீடுகளில் வருஷா வருஷம் நடப்பதுதான். உடுத்த ஒரு துண்டுத் துணி தேடுவார்கள். பழைய பட்டுச் சேலையின் முந்தானை கிடைக்கும். வெட்டிச் சுற்றிப் பார்த்தால் பொம்மை சேலை கட்டியிருப்பதாகத் தெரியாது. சேலைக்குள் மாட்டிக்கொண்டு முழிப்பதாகத்தான் தெரியும்.

எல்லாம் கணக்குப் பிசகுதான். 11 அங்குல மரப்பாச்சி என்றால் ஐந்தேகால் அடிப் பெண்ணில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் நம்முடைய ஐந்தரை மீட்டர் சேலை அவளுக்கு 92 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். நம் சேலையில் 10 செ.மீ. கரை இருந்தால் அவள் சேலையில் 1.6 செ.மீ. இருக்க வேண்டும். 3 செ.மீ. கட்டம் அரை செ.மீ. ஆக வேண்டும். கடைத் துணியில் இந்த அளவு அமைவது அபூர்வம். நிறத்திலும் இதே தொல்லை. ஆறு கஜத்தில் பளிச்சென்று அழகாக இருக்கும் கிளிப்பச்சை, ஒரு சாண் பொம்மையின் மேல் கத்தும். அதனால் பொம்மை வேலையில் கொஞ்சம் ஊறியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் தாங்களே சாயம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நான் துணிப்பொம்மைகளும் மரப்பாச்சி உடைகளும் செய்துவருகிறேன். இந்த வேலையோடு ஒட்டிக்கொண்ட பொழுதுபோக்குகள் எனக்கு இரண்டு: சாயம் போடுவது, பழைய கல்லறைத் தோட்டங்களைச் சுற்றுவது. முதலாவதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். இரண்டாவதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் எனக்குக் கரை வடிவங்கள் கிடைப்பது அங்கேதான். பழைய சமாதிக் கல்லில் உள்ள செதுக்கு வேலை ஆழமாக, கோடு குறைவாக இருக்கும். அதனால் சிறிதாக்கினாலும் நிற்கும். அதைவிட முக்கியம், ஆண்டு பக்கத்திலேயே வெட்டியிருக்கும். 1600-களின் இலைக்கொடி எப்படிச் சுருண்டது, 1800-களில் அது எப்படி மெலிந்துபோனது என்று தேதியோடு காட்டும் நகாசு வேறெங்கே இலவசமாகக் கிடைக்கும்?

இன்னொரு தொடர்பும் உண்டு. நம் கடற்கரையில் உள்ள மிகப் பழைய ஐரோப்பியக் கல்லறைகளில் பல, துணி வாங்க வந்தவர்களுடையவை. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் சோழமண்டலக் கரையின் சாயத்துணிக்குத்தான் கிராக்கி. அந்தத் துணிக்காக வந்து, இங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர்களின் கல்லைப் பார்த்துப் பொம்மைக்குக் கரை வரைவதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

கீழே உள்ளது புதிதாக வருபவர்களுக்கான வழிமுறை. ஒரு மரப்பாச்சி, அரை மீட்டர் துணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கைவசம் இருந்தால் தொடங்கிவிடலாம். முடிப்பதற்குத்தான் மூன்று வாரம் பிடிக்கும், ஏனென்று பிறகு தெரியும்.

முதலில் இரும்புத் தண்ணீரை ஊறப் போடுங்கள்

கரையில் கறுப்புக் கோடு வரைவதற்கான மை இது. வரிசைப்படி பார்த்தால் நடுவில் வர வேண்டியது. ஆனால் தயாராக 15 முதல் 20 நாள் ஆகும் என்பதால் இன்றைக்கே வைத்துவிடுங்கள். துருப்பிடித்த ஆணி, பழைய கீல், இரும்புத் துண்டு எது கிடைத்தாலும் கால் கிலோ. 100 கிராம் வெல்லம் அல்லது கருப்பட்டி. ஒரு லிட்டர் தண்ணீர். மண்பானையிலோ கண்ணாடி ஜாடியிலோ போட்டு, வாயைத் துணியால் கட்டி, மொட்டை மாடியில் ஓரமாக வையுங்கள். இறுக்கி மூடாதீர்கள், புளிக்கும்போது வாயு கிளம்பும். நாலைந்து நாளில் நுரைக்கும், நாற்றமும் வரும். நுரை அடங்கி, பழுப்பாகத் தெளிந்ததும் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி, மேலே 'குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டுங்கள். பார்க்க டிகாக்‌ஷன் மாதிரியே இருக்கும்.

எங்கே போவது

சென்னையில் இருப்பவர்கள் கோட்டையிலிருந்து தொடங்கலாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள முற்றத்தில் தரைக்கல்லாகப் பதித்திருப்பவை எல்லாம் சமாதிக் கற்கள். அவை முதலில் இருந்தது இப்போதைய உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த பழைய இடுகாட்டில். 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளை மறைவாக வைத்துக்கொண்டு கோட்டையைச் சுட்டது. தொல்லை தீர்ந்ததும் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்து பதித்துவிட்டார்கள். 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தோடு லத்தீன், போர்த்துகீசியக் கற்களும் உண்டு. ஒரே இடத்தில் நின்று இருநூறு ஆண்டு எழுத்து வடிவங்களைப் பார்த்துவிடலாம் என்பதால் புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கோட்டை வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் போகாதீர்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் தேவாலயம். 1712-இல் கட்டி, 1772-இல் திரும்பக் கட்டியது. உள்ளே போனால் நடைபாதையே கல்லறைதான். காலடியில் ஆர்மீனிய எழுத்து. 1794-இல் உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' இந்த ஊரிலிருந்துதான் வந்தது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மவோனியன் இங்கேதான் அடக்கம். எழுத்து வாசிக்கத் தெரியாதது பொம்மைக்காரருக்கு ஒருவகையில் வசதி. எழுத்தை வெறும் வடிவமாகப் பார்க்க முடியும்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடியுமென்றால் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கி.மீ. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். கோட்டை மண்மேடாகிவிட்டது, இடுகாடு நன்றாகவே இருக்கிறது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். வாசல் வளைவின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே குலச்சின்னங்கள், தலைக்கவசங்கள், அந்தக் கவசத்தின் இருபுறமும் சுருண்டு இறங்கும் இலைக்கொடிகள். நமக்கு வேண்டியது அந்த இலைக்கொடி. புதிதாக வருபவர்கள் மண்டையோட்டைப் பார்த்ததும் குஷியாகிவிடுவார்கள். மண்டையோட்டுக் கரை போட்ட மரப்பாச்சியை உங்கள் அத்தை கொலுப் படியில் ஏற்றுவாரா என்று யோசித்துவிட்டு வரையுங்கள்.

தெற்கே இருப்பவர்களுக்குத் தரங்கம்பாடி. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கி, 1719-இல் இறந்து, தாமே 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கமான ஊர். டேனிஷ்காரர்களின் சமாதிகளும் அங்கே உண்டு. மலைப்பக்கம் என்றால் உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பின்சரிவு. அங்கே பாசியும் காளானும் கல்லில் போட்டிருக்கும் சாம்பல் பச்சை, துரு ஆரஞ்சு நிறங்களே தனிப் பாடம்.

போனால் நடந்துகொள்ள வேண்டிய விதம்

வாசலில் காவலர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். "யாரைப் பாக்கணும்?" என்பார். "யாரையும் இல்லீங்கய்யா, கல்லுல இருக்கிற பூ வேலையப் பாத்து வரையணும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். புதையல் தேடி வந்தவரோ, வம்புக்கு வீடியோ எடுக்க வந்தவரோ இல்லை என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அவரே கூட வந்து நல்ல கல்லாகக் காட்டுவார். எந்த மூலையில் பாம்புப் புற்று இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

மூடிய ஷூ, முழுக்கால் உடை, ஒரு கம்பு, தண்ணீர். நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் செருப்பைத் துளைத்துவிடும். புல் வளர்ந்த இடத்தில் கம்பால் தட்டிவிட்டுக் கால் வையுங்கள். விரிசல் விட்ட மேடைச் சமாதிகளின் மேல் ஏறவோ உட்காரவோ வேண்டாம். அது மரியாதைக் குறைவு, தவிர சில உள்ளே பொள்ளலாக இருக்கும்.

புதைத்துச் சில ஆண்டுகளே ஆன பகுதிக்குள் நாம் போக வேண்டியதில்லை. யாராவது மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நின்றால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு வேறு பக்கம் நகருங்கள். பூ, உடைந்த கல், ஓட்டுத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். சின்ன வயதில் இறந்த குழந்தைகளின் பெயரைப் பொம்மைக்கு வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இலைக்கொடி போதும், பெயர் அங்கேயே இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இடுகாட்டுக்குப் போய்வந்ததற்குத் தலைக்குக் குளிக்கச் சொல்வார்கள். வாதாடாமல் குளித்துவிடுங்கள். பழவேற்காட்டு வெயிலில் அலைந்தவருக்கு அது எப்படியும் தேவை.

கல்லைப் படமெடுப்பது

உச்சிவெயிலில் எடுத்த படம் உதவாது. வெளிச்சம் நேராக விழுந்தால் செதுக்கு தட்டையாகிவிடும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை நாலரைக்கு மேல், சாய்ந்த வெயிலில் போங்கள். கல் நிழலில் இருந்தால் ஒரு கைக்கண்ணாடி போதும். கூட வந்தவரைக் கொஞ்சம் தள்ளி வெயிலில் நிற்கச் சொல்லி, கண்ணாடியால் ஒளியைக் கல்லின் மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி பாய்ச்சச் சொல்லுங்கள். தேய்ந்து காணாமல் போன எழுத்துகூட எழுந்து நிற்கும்.

சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, கம்பி பிரஷ் போடுவது, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பது எதுவும் கூடாது. உப்புக் காற்றில் ஊறிய கல் கை பட்டாலே உதிரும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டியிருக்கும், கைபேசி போதும். செதுக்குக்கு நேர் எதிரே நின்று, சாயாமல் எடுங்கள். கோணலாக எடுத்தால் வீட்டில் வரையும்போது கொடி ஒரு பக்கம் பருத்துவிடும். முழுக் கல் ஒரு படம், வேண்டிய பகுதி ஒரு படம், ஆண்டு உள்ள வரி ஒரு படம். அங்கேயே உட்கார்ந்து ஒரு நோட்டில் கையாலும் வரைந்துகொள்ளுங்கள். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வரையும்போதுதான் பிடிபடும், படம் அதைச் சொல்லாது.

கரையாகச் சுருக்குவது

ஒரு சாண் அகலமுள்ள இலைக்கொடியை 1.6 செ.மீ. ஆக்க வேண்டும். படத்தைக் கணினியில் சுருக்கி அச்செடுத்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு கறுப்புப் புழுவாகத் தெரியும். இலைக்கு ஐந்து நரம்பு இருந்தால் மூன்றை எடுத்துவிடுங்கள். இரட்டைக் கோட்டை ஒற்றையாக்குங்கள். இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு மி.மீ.யாவது வெறும் இடம் விடுங்கள். பிறகு டிரேசிங் தாளில் எடுத்து, ஒரு சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்தால் ஒரு அலகு ஆயிற்று. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கரை முழுவதும் நிரப்பலாம். மூன்றடி தள்ளி வைத்துப் பார்த்துக் கொடி என்று தெரிந்தால் சரி.

துணி

மிக நல்ல துணி உங்கள் வீட்டிலேயே இருக்கும்: தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி. பல முறை துவைத்துக் கஞ்சியும் எண்ணெயும் போய், பஞ்சு போலக் குழைந்திருக்கும். கடையில் வாங்குவதானால் மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி. வெளுக்காத பருத்தியான காடா பொம்மையின் உடம்புக்கு நன்று, சேலைக்குத் தடிப்பு அதிகம். வேட்டி என்று விற்பதில் பாலியெஸ்டர் கலந்தவை நிறைய. ஓரத்தில் நாலு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். இந்தச் சாயம் எதுவும் அதில் ஏறாது.

அரை மீட்டர் மல் துணியை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதி வையுங்கள். இனி எல்லா அளவும் அந்த எடையை வைத்துத்தான். கீழே உள்ளவை 50 கிராம் துணிக்கு.

புதுத் துணியானால் மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவை சோடாவும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். வெள்ளையாகத் தெரிந்த துணியிலிருந்து இவ்வளவு அழுக்கா என்று தோன்றும். அது பருத்தியின் மெழுகும் நெசவுக் கஞ்சியும். நன்றாக அலசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணிமேல் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் இன்னொரு முறை கொதிக்கவிட வேண்டும்.

பாத்திரம் எவர்சில்வர் குண்டானாக இருக்கட்டும். இரும்பும் அலுமினியமும் நிறத்தை மாற்றிவிடும். சமையலுக்குப் பயன்படுத்தும் பாத்திரம், கரண்டி எதுவும் வேண்டாம். சாயத்துக்கென்று ஒதுக்கியது சமையலறைக்குத் திரும்பவும் கூடாது. போர் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் மஞ்சளெல்லாம் மங்கிப்போகும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் முதல் தரம், இல்லாவிட்டால் கேன் தண்ணீர்.

கடுக்காய்ப் பால்

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப்பொடி வாங்குங்கள். 15 கிராம் பொடியை 200 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 200 மி.லி. காய்ச்சாத பால் சேருங்கள். எருமைப்பால் கிடைத்தால் நல்லது, கொழுப்பு அதிகம். துணியை நனைத்து, கால் மணி நேரம் கையால் பிசைந்துகொண்டே இருந்து, ஒரே சீராகப் பிழிந்து வெயிலில் காய வையுங்கள். நடுவில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் வெயில் பட்ட பக்கமே கடுக்காய் ஏறும். காய்ந்ததும் துணி லேசான சந்தன மஞ்சளாகி, பால் வாடை அடிக்கும். அலசாதீர்கள்.

இது துணியில் எழுதுகோலால் சாயம் வரையும் கலம்காரிக்காரர்களின் முறை. தஞ்சாவூர்ப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் இப்படித்தான் கோயில் துணிகளுக்கு வரைகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து பருத்தியைப் பற்றிக்கொள்ளும்; பின்னால் வரும் இரும்பும் படிகாரமும் அந்தச் சத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, வரையும் கோடு ஊறிப் பரவாமல் தடுக்கும். பால் போடாத துண்டு ஒன்றில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோட்டுக்குப் பூனை மீசை முளைக்கும்.

கறுப்புக் கோடு

எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகப் பிடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலம்காரிக்கு மூங்கில் எழுதுகோல். நடுவில் கம்பளி நூல் சுற்றி, அதை அமுக்கினால் மை இறங்கும்படி செய்வார்கள். பொம்மைக் கரைக்கு அது தடிமன். பச்சைத் தென்னோலையின் ஈர்க்குச்சியை எடுத்து, நுனியைப் பிளேடால் சாய்வாகச் சீவி, நுனிக்கு ஒரு விரற்கடை மேலே பருத்தி நூலை நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அந்தச் சுற்றுத்தான் மைக்கூடு. இரும்புத் தண்ணீரில் முக்கி, பழைய துணியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கடுக்காய்த் துணியில் கோடு இழுங்கள்.

கோல் தொட்ட இடத்தில் முதலில் வெறும் பழுப்பு ஈரம் மட்டும் தெரியும். ஒன்றும் விழவில்லையே என்று இன்னொரு முறை இழுக்கக் கை பரபரக்கும், பொறுங்கள். கோல் இரண்டு விரல் தூரம் நகர்வதற்குள் பின்னால் கோடு சாம்பலாகி, ஊதாவாகி, கன்னங்கறுப்பாகும். இரும்பும் கடுக்காயும் துணிக்குள்ளேயே கலந்து கறுப்பாகிறது. அதனால் வரைந்ததைப் பார்த்துப் பார்த்து வரைய முடியாது, கறுப்பு எப்போதும் கொஞ்சம் பின்னாலேயே வரும். டிரேசிங் தாளைத் துணிக்கு அடியில் வைத்து, ஜன்னல் கண்ணாடியின் மேல் ஒட்டிக்கொண்டால் மல் துணியில் வடிவம் தெளிவாகத் தெரியும். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் போங்கள், கை பட்டு அழியாது. கறுப்பு வராமல் பழுப்பாகவே நின்றால் இரும்புத் தண்ணீர் இன்னும் முற்றவில்லை. சில நாள் விட்டுப் பாருங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். தேங்கின தண்ணீரில் ஊறப்போட்டால் மிச்ச இரும்பு துணி முழுவதும் சாம்பலாக இறங்கிவிடும்.

படிகாரமும் நிறமும்

10 கிராம் படிகாரத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, துணி மூழ்கும் அளவு தண்ணீர் சேர்த்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து காயவைத்து, லேசாக ஒரு அலசு. மயில்துத்தம் போட்டால் பச்சை நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். அது விஷம், வீட்டு மொட்டை மாடியில் அதற்கு இடமில்லை.

முதல் நிறமாக வெங்காயச் சருகு. 50 கிராம் சருகு என்றால் ஒரு பெரிய பை நிறைய வரும். காய்கறிக் கடையிலோ மெஸ்ஸிலோ கேட்டால் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். சின்ன வெங்காயச் சருகு இன்னும் சிவப்பாக வரும். இரவு ஊறவைத்து, முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் நனைத்துப் பிழிந்த துணியைப் போடுங்கள். திரும்பவும் சிறு தீயில் முக்கால் மணி நேரம். அடிக்கடி புரட்டிவிடாவிட்டால் திட்டுத்திட்டாகும். அப்படியே ஆறவிட்டு மறுநாள் எடுத்தால் பழைய பொன்னகை நிறம் கிடைக்கும்.

காய்ந்த மாதுளை ஓடு கடுகு மஞ்சள் தரும். இந்த இரண்டில் எந்தச் சாயத்தில் ஊறிய துணியையும், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இரும்புத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் முக்கினால் பாசிப் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு நிறம் வரும். உதகைக் கல்லில் பார்த்தது இதுதான். ஆனால் இரும்பு துணியை மெல்ல அரிக்கும்; இரண்டாவது தேக்கரண்டி ஊற்ற வேண்டாம்.

சிவப்புக்குப் பழைய காலத்தில் சோழமண்டலக் கரையே நம்பியிருந்தது சாயவேர். கடலோர மணலில் வளரும் சின்னச் செடியின் வேர். டச்சுக்காரர்கள் கப்பலேற்றிய துணியின் சிவப்பு அதனுடையதுதான். இப்போது அது எளிதில் கிடைக்காது. அதன் இடத்தில் நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டி வேரை வைத்துக்கொள்ளுங்கள், துணியின் எடைக்குச் சமமாக. இடித்து இரவு ஊறவைத்து, கொதிக்க விடாமல், ஆவி பறக்கும் சூட்டிலேயே ஒரு மணி நேரம் வையுங்கள். கொதித்தால் சிவப்பு பழுப்பாகிவிடும். கடுக்காய் அடியில் இருப்பதால் செங்கல் சிவப்புத்தான் வரும். பொம்மைக்கு அதுதான் அழகு.

வேண்டாதவையும் உண்டு. பீட்ரூட், செம்பருத்தி எல்லாம் பாத்திரத்தில் மயக்கும், இரண்டு அலசில் போய்விடும். மஞ்சள்தூள் நன்றாக ஏறும்; ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் செய்கிற வேலைதான். அவுரி நீலத்தை இப்போதைக்கு விடுங்கள். அது தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் போட்டுத் தொட்டி கட்டி, காற்றுப் படாமல் நொதிக்க வைத்துத்தான் வாங்க வேண்டும். வெளியே எடுத்த துணி பச்சையிலிருந்து நீலமாக மாறுவதைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும், ஆனாலும் முதல் மாதத்து வேலை இல்லை அது.

ஒவ்வொரு சாயத்திலும் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைக் கூடவே போட்டு, அட்டையில் ஒட்டி, எடை, நேரம், எந்தத் தண்ணீர் என்று எழுதிவையுங்கள். இன்னொரு துண்டைப் பாதி மறைத்து ஜன்னலில் இரண்டு வாரம் வைத்தால், வெயிலுக்கு எந்த நிறம் நிற்கும் என்று நீங்களே பார்த்துவிடலாம்.

உடுத்துவது

கணக்குப்படி 92 செ.மீ. என்று சொன்னேன். ஆனால் துணியின் தடிமன் ஆறில் ஒன்றாகக் குறைவதில்லை. முழு நீளத்துக்கும் கொசுவம் வைத்தால் மரப்பாச்சிக்கு வயிறு தள்ளிவிடும். 60 முதல் 65 செ.மீ. போதும். இடுப்பில் ஒரு மெல்லிய நாடாவைக் கட்டி, அதில் செருகுங்கள்; ஆணி, பசை வேண்டாம். கொசுவத்தை முதலில் ஊசி நூலால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுவிட்டு நூலை உருவுங்கள். அரை செ.மீ. மடிப்பு ஐந்து இருந்தால் லட்சணமாக இருக்கும். கரையை மடித்துத் தைக்காதீர்கள். வேட்டித் துணியானால் நெய்த ஓரத்தையே கீழ்க்கரையாக வைத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

மரப்பாச்சி இல்லாதவர்கள் காடாவில் உடம்பு தைத்து இலவம்பஞ்சு அடைக்கலாம். தையலை நெருக்கமாகப் போடுங்கள், இலவம்பஞ்சு சின்ன இடைவெளியிலும் கசியும். கழுத்தில் மட்டும் பஞ்சைக் கல்லாக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை தொங்கும். தோல் நிறத்துக்கு டீத்தூள் டிகாக்‌ஷனே போதும். ஒரு முக்கு மாநிறம், மூன்று முக்கு நல்ல கறுப்பழகு.

எடுத்து வைப்பது

கொலு முடிந்ததும் சேலையை அவிழ்த்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சோப்புத்தூள் வெங்காய நிறத்தை ஒரே துவைப்பில் மாற்றிவிடும். மடித்து வைக்காமல் ஒரு அட்டைக் குழாயில் சுருட்டி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து, கூட ஒரு துண்டு வசம்பு. அடுத்த வருஷம் எடுக்கும்போது கறுப்புக் கரையை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு போன வழியில் நூல் இற்றிருந்தால் பின்பக்கம் ஒரு நாடா அகலத்துக்கு மல் துணியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத சின்னத் தையலாகப் பிடித்துவிடுங்கள். ஒட்டுத் துணிக்கும் அதே வெங்காயச் சாயத்தில் மீந்த துண்டை எடுத்துக்கொண்டால் வெளியே தெரியாது. அதற்காகத்தான் அரை மீட்டரையும் சேர்த்துச் சாயம் போடச் சொன்னேன்.